ரெடிட்டும் ஹேக்கர் நியூஸும்: லிங்க் போட்டால் ஆள் வருமா?

ரெடிட்டில் போடும் ஒரு லிங்க்கின் தலையெழுத்து பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானிப்பவர்கள் அந்தத் தளத்தின் கோடிக்கணக்கான பயனர்கள் இல்லை. அந்த நேரத்தில், புதிய பதிவுகளைக் காட்டும் ‘நியூ’ பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் சிலர்தான். ஹேக்கர் நியூஸிலும் இதே கதை. லிங்க் பகிரும் சமூகத் தளங்களிலிருந்து வாசகர்களைக் கொண்டுவருவது எப்படி, அங்கே நாலு பேர் மதிக்கிற ஆளாக வளர்வது எப்படி என்று சொல்லித்தரும் வழிகாட்டிகள் ஏராளமாக இருக்கின்றன. எந்த நேரத்தில் போடுவது, எத்தனை சொல்லில் தலைப்பு வைப்பது என்று எல்லாமே லிங்க் போடுபவரைப் பார்த்துப் பேசுகின்றன. இரண்டு தளங்களையும் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு எனக்கு வேறொன்று உறுதியாகத் தெரிகிறது: இங்கே செல்வாக்கு இருப்பது லிங்க் போடுகிறவரிடம் இல்லை, அதை முதலில் படிக்கிறவரிடம்.

நான் நடத்துவது மிக்ஸி, கிரைண்டர், சீலிங் ஃபேன் போன்ற வீட்டு மின்சாதனங்களை நாமே பழுது பார்ப்பது பற்றிய சின்ன வலைத்தளம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணம் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவருடைய கையில் இந்தத் தளங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதே இந்த விமர்சனம். ரெடிட்டை ஆண்ட்ராய்டு ஆப்பிலும் கணினியிலும் பயன்படுத்துகிறேன். ஹேக்கர் நியூஸுக்கு ஆப் தேவையே இல்லை, பிரவுசர் போதும்.

பழைய பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் டெலிஷியஸ் எங்கே, டிக் எங்கே என்று கேட்பார்கள். நாம் சேமிக்கும் இணைய முகவரிகளைப் பொதுவில் வைத்து, குறிச்சொல் ஒட்டி, ஒரே குறிச்சொல்லில் மற்றவர்கள் சேமித்ததையும் பார்க்கலாம் என்ற பழக்கத்தைப் பரப்பியது 2003-இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ். 2005-இல் யாஹூ அதை வாங்கியது. பிறகு கை மாறி மாறி 2017-இல் போட்டித் தளமான பின்போர்டை நடத்துபவரிடமே 35,000 டாலருக்கு வந்து சேர்ந்து, புதிதாக எதையும் சேர்க்க முடியாத காப்பகமாக நின்றது. இதே வகையைச் சேர்ந்த ஸ்டம்பிள்அபான் 2018-இல் மூடப்பட்டது. பாக்கெட்டை மொசில்லா 2025 ஜூலையில் நிறுத்தியது. லிங்க்குக்கு ஓட்டுப் போடும் தளமான டிக்கின் முடிவு இன்னும் வேகமானது. 2010 ஆகஸ்டில் வந்த அதன் நான்காம் பதிப்பு பெரிய ஊடக நிறுவனங்களின் செய்திகள் தாமாகவே வந்து விழ வழி செய்தது; பிடிக்காத லிங்க்கைப் புதைக்கும் பட்டனை எடுத்துவிட்டது. கோபம் கொண்ட பயனர்கள் டிக்கின் முகப்பை ரெடிட் லிங்க்குகளால் நிரப்பிவிட்டுக் கூட்டமாக ரெடிட்டுக்குப் போனார்கள். 2012-இல் டிக் சொற்ப விலைக்குப் போனது. இந்த வரிசையில் இன்றும் ஒரே நாளில் ஒரு சின்னத் தளத்தைத் திணறடிக்கும் அளவுக்கு ஆள் அனுப்புபவை, 2005-இல் ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்ஸிஸ் ஓஹானியனும் தொடங்கிய ரெடிட்டும், 2007-இல் பால் கிரஹாம் தொடங்கிய ஹேக்கர் நியூஸும்தான்.

இவற்றின் உள்ளே நடக்கும் கணக்கைப் பார்த்தால்தான் ‘நியூ’ பக்கத்தின் பலம் புரியும். ரெடிட் 2008 முதல் 2017 வரை தன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருந்தது. அதில் ‘ஹாட்’ வரிசையைத் தீர்மானிக்கும் பகுதி சில வரிகள்தான். அப்வோட்டிலிருந்து டவுன்வோட்டைக் கழித்து வரும் எண்ணை அது அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எண்ணின் மடக்கையை எடுக்கிறது. பள்ளியில் படித்த அதே மடக்கை, அடிமானம் 10. அதனால் முதல் 10 ஓட்டு ஒரு பதிவை எவ்வளவு உயர்த்துகிறதோ, அதே அளவு மறுபடி உயர்த்த இன்னும் 90 ஓட்டு வேண்டும். அதற்கு மேல் அதே அளவு உயர 900 வேண்டும். இதோடு பதிவு போட்ட நேரமும் கூட்டப்படுகிறது. 45,000 வினாடிகள், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் தாமதமாகப் போட்ட பதிவுக்குப் பத்து மடங்கு ஓட்டுக்குச் சமமான சலுகை கிடைக்கிறது. காலை 6 மணிக்குப் போட்டு 1,000 ஓட்டு வாங்கிய பதிவும், மாலை ஆறரைக்குப் போட்டு 100 ஓட்டு வாங்கிய பதிவும் ஒரே இடத்தில் நிற்கும்.

இப்போதைய ரெடிட் ஆப்பின் முகப்பில் ஆளுக்கு ஆள் மாறும் ‘பெஸ்ட்’ வரிசை வந்துவிட்டது. பழைய கணக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் சில ஓட்டுக்குக் கூடுதல் எடை, பழையதற்கு இறக்கம் என்ற குணம், பயன்படுத்தும் எவருக்கும் தினமும் கண்ணில் படுகிறது.

ஹேக்கர் நியூஸ் இன்னும் கடுமை. பரவலாக அறியப்பட்ட அதன் அடிப்படைச் சூத்திரத்தில், பதிவின் வயதை மணி நேரத்தில் எடுத்து, இரண்டைக் கூட்டி, 1.8 அடுக்குக்கு உயர்த்தி, ஓட்டில் ஒன்றைக் கழித்து வருவதை அந்த எண்ணால் வகுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் 10 புள்ளி வாங்கிய லிங்க்குக்குச் சுமார் 1.25 வருகிறது. பத்து மணி நேரத்தில் 100 புள்ளி வாங்கிய லிங்க்குக்கு 1.13தான். ஆக, போட்டவரின் சொந்தப் புள்ளி போக, முதல் மணி நேரத்தில் ஒன்பது பேர் சேர்ந்து தரும் உயரம், பத்து மணி நேரத்தில் தொண்ணூற்றொன்பது பேர் தரும் உயரத்தைவிட அதிகம். அந்த ஒன்பது பேர் யார் என்பதே கேள்வி. அவர்கள் ஆரஞ்சுப் பட்டையில் இருக்கும் ‘நியூ’ என்ற சொல்லைச் சொடுக்கி, இன்னும் யாரும் படிக்காததைப் படித்துப் பார்ப்பவர்கள்.

முதல் ஓட்டின் பலத்துக்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் மூவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பெயர் சொல்லாத ஒரு லிங்க் பகிர்வுத் தளத்தில் 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்குப் பிறந்தவுடனே ஓர் அப்வோட்டும், சிலவற்றுக்கு ஒரு டவுன்வோட்டும் குலுக்கல் முறையில் போட்டார்கள், மீதியைத் தொடவில்லை. இனாமாக ஓர் அப்வோட் வாங்கியவற்றுக்கு, அடுத்துப் பார்ப்பவரும் அப்வோட் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. டவுன்வோட் வாங்கியவற்றை மற்றவர்கள் பரிதாபப்பட்டோ நியாயம் பார்த்தோ தூக்கிவிட்டதால், அதன் பாதிப்பு கடைசியில் நிற்கவில்லை. ஒரே ஓர் ஓட்டு, அதுவும் ஒருவர் படிக்காமலே போட்டது, இவ்வளவு தூரம் போகிறது.

இங்கேதான் ஆசை வந்துவிடுகிறது. அந்த முதல் ஓட்டுகளை நாமே ஏற்பாடு செய்துவிட்டால் என்ன? நாலு நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் லிங்க் அனுப்பி “ஒரு அப்வோட் போட்டுடு மச்சான்” என்றால் போதுமே. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ள, தமிழ் வலைப்பதிவுகளைப் படித்தவர்கள் வெளியே எங்கும் போக வேண்டாம்.

காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம், தமிழில் எழுதப்பட்ட வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டிய திரட்டி. பின்னால் தமிழிஷ் வந்தது. அதுவே இன்ட்லி ஆனது. பதிவுக்குக் கீழே ஓட்டுப்பட்டை இருக்கும். படித்தவர் ஓட்டுப் போட்டால், திரட்டியின் முகப்பில் பரிந்துரைப் பகுதியில் இடம் கிடைக்கும். அங்கே இடம் கிடைத்த பதிவுக்கு அன்று வாசகர் கூட்டம் நிச்சயம். பெயர் தெரியாத ஊரில் உட்கார்ந்து எழுதிய எத்தனையோ பேர் அந்த முகப்பின் வழியாகத்தான் நமக்கு அறிமுகம் ஆனார்கள். அதை நான் மிகுந்த நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் சில வருடங்களில் பின்னூட்டங்களில் ஒரு புது வழக்கம் வந்தது. “அருமை நண்பரே. த.ம. 3” என்று எழுதுவார்கள். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டு நான்தான் போட்டேன், குறித்துக்கொள் என்று பொருள். எழுதியவர் மறுநாள் இவர் வீட்டுக்குப் போய் “த.ம. 4” போட்டுவிட்டு வருவார். பதிவர்களே இதற்கு வைத்த பெயர் மொய். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரியே, வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும்.

மொய் பெருகியதும் பரிந்துரைப் பகுதி படிக்கத் தகுந்த பதிவைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. யாருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று காட்ட ஆரம்பித்தது. பதிவர் வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த சாதாரண வாசகர் நாலைந்து முறை ஏமாந்த பிறகு அந்தப் பகுதியைச் சொடுக்குவதை விட்டார். அந்த வாசகருக்காகத்தான் எல்லோரும் ஓட்டுக் கேட்டார்கள். முகநூல் வந்ததும் திரட்டிகளின் சரிவுக்கு ஒரு காரணம்தான், ஆனால் ஓட்டின் மதிப்பு அதற்கு முன்பே கரைய ஆரம்பித்துவிட்டது என்பது என் கருத்து. டிக்கிலும் இதே நோய் இருந்தது. முகப்புக்கு அதிக லிங்க் கொண்டுவந்த பயனர்களின் பட்டியலைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தவர்கள், அதைச் சுற்றி நடந்த பேரங்களால் 2007-இல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள்.

டிக்கின் அனுபவத்தைப் பார்த்து வளர்ந்த ரெடிட்டும் ஹேக்கர் நியூஸும் இன்று ஓட்டுக் கேட்பதையே குற்றமாக வைத்திருக்கின்றன. ஒரே வட்டத்திலிருந்து வரும் ஓட்டுகளை ஹேக்கர் நியூஸின் மென்பொருள் கண்டுபிடித்துக் கழித்துவிடும். ரெடிட்டில் கணக்கே முடக்கப்படலாம். ஆகவே நண்பர்களுக்கு லிங்க் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அவர்கள் போடும் நல்லெண்ண ஓட்டே உங்கள் பதிவைக் கீழே இழுக்கும்.

சரி, நேர்மையாகப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரெடிட் ஆப்பில் லிங்க் போடுவது தொழில்நுட்ப ரீதியாக ஒரு நிமிட வேலை. கூட்டல் குறியைத் தொட்டு, சப்ரெடிட்டை (தலைப்புவாரியான குழுவை) தேர்ந்தெடுத்து, தலைப்பும் முகவரியும் கொடுத்தால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு சப்ரெடிட்டும் தனி ஊர். விதிகளை எழுதுவது ரெடிட் நிறுவனம் இல்லை, அந்தந்த ஊரின் மாடரேட்டர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சில இடங்களில் லிங்க்கே போடக் கூடாது. சில இடங்களில் சொந்தத் தளத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். விதியைக் காக்க ஆட்டோமாடரேட்டர் என்ற தானியங்கி இருக்கிறது. கணக்கின் வயது குறைவு, கர்மா (மற்றவர்களின் ஓட்டால் சேரும் புள்ளி) குறைவு என்றால் அது பதிவைச் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்துவிடும்.

சத்தமில்லாமல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பதிவு போட்டவர் கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியக்கூடும். மற்ற யாருக்கும் தெரியாது. போட்டதும், லாகின் செய்யாத இன்காக்னிட்டோ ஜன்னலில் அந்தச் சப்ரெடிட்டின் ‘நியூ’ வரிசையைத் திறந்து, உங்கள் பதிவு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாடரேட்டர்களுக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாம். பலர் நல்லபடியாகவே பதில் சொல்வார்கள். மறுபடி மறுபடி அதையே போடுவதுதான் கதவை நிரந்தரமாக மூடும். புதிதாக வருபவருக்கு இந்த மறைமுக ஒதுக்கல் மனச்சோர்வு தரும். குப்பை அனுப்புபவரை ஏமாற்ற வைத்த ஏற்பாடு, நல்லெண்ணத்தோடு வரும் புதியவரையும் இருட்டில் நிறுத்துவது சரியில்லை. ரெடிட்டின் வடிவமைப்பில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் இது.

இன்னொரு பயனுள்ள பழக்கம்: கணினியில் ரெடிட்டின் பழைய தோற்றத்துக்கான முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘டொமைன்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, இன்னொரு சாய்கோட்டுக்குப் பின் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால், உங்கள் தளத்திலிருந்து இதுவரை யார் யார் எந்தச் சப்ரெடிட்டில் லிங்க் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். நமக்குத் தெரியாமலே நம் கட்டுரையைப் பற்றி நடக்கும் பேச்சு அங்கே கிடைக்கும். அப்படிப் பேசுகிற இடம்தான் நமக்கான ஊர்.

தலைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நோட்ரடாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 309 ரெடிட் பயனர்களின் நடவடிக்கையை ஓராண்டு பதிவு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் ஓட்டுப் போட்ட பதிவுகளில் 73 சதவீதத்தை உள்ளே திறந்து பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. தலைப்பைப் படித்தார்கள், ஓட்டுப் போட்டார்கள், நகர்ந்தார்கள். இதைக் கேட்டதும் பலருக்குத் தோன்றுவது ‘அப்படியானால் கவர்ச்சியாகத் தலைப்பு வைப்போம்’ என்பது. என் அனுபவத்தில் இதற்கு நேர்மாறுதான் வேலை செய்கிறது. “உங்கள் கிரைண்டர் ஏன் நின்றது? காரணம் தெரிந்தால் அதிர்ந்துபோவீர்கள்” என்றால் பழுது பார்க்கும் சப்ரெடிட்டில் அடி விழும். “வெட் கிரைண்டர் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: கப்பாசிட்டரைச் சோதிப்பது எப்படி” என்றால், தலைப்பை மட்டும் படிப்பவருக்கும் பாதி விஷயம் கிடைத்துவிடுகிறது. திறக்காமல் ஓட்டுப் போடுபவர்கூட ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டுதான் போடுகிறார். ஹேக்கர் நியூஸ் இதை விதியாகவே வைத்திருக்கிறது: மூலத் தலைப்பையே போடுங்கள், ஆச்சரியக்குறி வேண்டாம், ‘பத்து வழிகள்’ போன்ற எண்ணை வெட்டிவிடுங்கள் என்கிறது.

லிங்க் மேலே போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு பிற்பகல் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். மலிவான ஹோஸ்டிங்கில் இருக்கும் தளம் அப்படியே படுத்துவிடும். 1997-இல் தொடங்கிய செய்தித் தளமான ஸ்லாஷ்டாட்டின் காலத்திலிருந்தே இது நடக்கிறது. படங்களைச் சுருக்கி, பக்கத்தை டேட்டாபேஸ் இல்லாத நிலையான பக்கமாக மாற்றி வைப்பது நல்லது. ஆப்பிலிருந்து வருபவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பல நேரம் கணக்கில் பதிவாவதில்லை. ‘நேரடி வருகை’ என்று காட்டும். முகவரியில் கண்காணிப்பு வால் ஒட்டினால் சரியாகத் தெரியும், ஆனால் அந்த வாலைப் பார்த்தாலே விளம்பரம் என்று சந்தேகப்படும் இடம் இது. நான் வால் ஒட்டுவதில்லை.

மறுநாள் காலை எல்லாம் அடங்கிவிடும். வந்தவர்களில் இன்னொரு பக்கத்தைப் படித்தவர் குறைவு, திரும்பி வந்தவர் அதிலும் குறைவு. தேடுபொறித் தரவரிசைக்கும் நேரடி லாபம் கிடையாது. ரெடிட்டிலிருந்து வரும் லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறிப்போடுதான் தேடுபொறிகளிடம் காட்டுகிறார்கள்.

நிற்கிற வருகை வேறு வழியில் வருகிறது. பழுது பார்க்கும் சப்ரெடிட் ஒன்றின் ‘நியூ’ வரிசையில் ஒருநாள் ஒரு படம் கிடந்தது. டேபிள் டாப் வெட் கிரைண்டர். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு எடுத்துப் போனது, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறோம், இப்போது ‘ம்ம்ம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, கல் சுற்றவில்லை என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். அப்வோட் எதுவும் விழவில்லை. அங்கே இருக்கும் பலருக்கு வெட் கிரைண்டர் என்றாலே என்னவென்று தெரியாது. நான் லிங்க் எதுவும் தராமல் அங்கேயே எழுதினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாத்திரத்தைக் கழற்றி, மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்; தடையில்லாமல் சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது, கப்பாசிட்டர்தான் சந்தேகம். கப்பாசிட்டரைத் தொடுவதற்கு முன் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை மின்தடை வைத்து இறக்கிவிடுங்கள். உறை மேல் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் அச்சிட்டிருக்கும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் குறையாமல் வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் உயர்த்தும், அங்கே 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அதனால் இந்த வகை மோட்டார் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், மாவு சீக்கிரம் சூடாகும், இடைவெளி விட்டு அரையுங்கள்.

அவர் கப்பாசிட்டரை மாற்றிவிட்டு வந்து நன்றி சொன்னார். கீழே இன்னொருவர் படத்தோடு விளக்கம் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் என் பக்கத்தின் முகவரியைத் தந்தேன். அந்தப் பதிலிலிருந்து இன்னமும் ஒன்றிரண்டு பேராக என் தளத்துக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கூகுளில் கிரைண்டர் பிரச்சினையைத் தேடுபவருக்கு அந்த ரெடிட் பக்கம் கண்ணில் படுகிறது. 2024-இல் கூகுளும் ரெடிட்டும் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்து ரெடிட் உரையாடல்கள் தேடல் முடிவுகளில் மேலே வருவதை எல்லோருமே பார்க்கிறோம். இப்படி வருபவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறார். முழுக்கப் படிக்கிறார், சந்தேகம் கேட்டு மெயில் போடுகிறார். ஒரு பிற்பகல் கூட்டத்தைவிட இவர் எனக்கு முக்கியம்.

அந்தக் கேள்வியை நான் பார்த்தது ‘நியூ’ பக்கத்தில். நான் போட்ட அப்வோட்தான் அதன் முதல் ஓட்டாக இருந்திருக்க வேண்டும். தினமும் காலையில் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் இருந்து, மற்றவர்களின் லிங்க்கைத் திறந்து படித்து, நன்றாக இருப்பதற்கு ஓட்டும் ஒரு வரி பதிலும் போட ஆரம்பித்த பிறகு, அந்த ஊரில் என் பெயர் நாலு பேருக்குத் தெரிய வந்தது. கர்மா எண் அதன் துணை விளைவு. ரெடிட் முன்பு சொல்லிவந்த வழிகாட்டுதலும் இதை ஒட்டியதே: நீங்கள் போடுவதில் பத்தில் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்காக இருக்கக் கூடாது. பலர் அதை ஒரு தண்டனையாகப் பார்க்கிறார்கள். மீதி ஒன்பது பங்கில்தான் ஆளே அறிமுகமாகிறார் என்பதை நான் இங்கே கண்டேன்.

டிராப்பாக்ஸின் கதையை எல்லோரும் டிராஃபிக்குக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 2008 மார்ச்சில் அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் டிக்கில் ஒரு டெமோ வீடியோ போட்டார். சோதனைப் பதிப்புக்குக் காத்திருந்தோர் பட்டியல் ஒரே இரவில் 5,000-லிருந்து 75,000 ஆனது. அதில் நான் முக்கியமாக எண்ணுவது அந்த வீடியோவின் உள்ளடக்கம். டிக் வாசகர்களுக்கு மட்டுமே புரியும் கேலிகளை வீடியோவில் ஆங்காங்கே ஒளித்து வைத்திருந்தார். அந்த ஊரில் வாழ்ந்து பழகாத ஒருவரால் அதைச் செய்திருக்க முடியாது.

ஹேக்கர் நியூஸைப் பற்றித் தனியாகச் சில வார்த்தை. படம் கிடையாது, விளம்பரப் பட்டை கிடையாது, ஒரு பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திறக்கும். சொந்தமாகச் செய்த ஒன்றைக் காட்ட ‘ஷோ ஹெச்என்’ என்ற தனி இடம் உண்டு. டவுன்வோட் போடும் உரிமை 500 கர்மா தாண்டினால்தான். எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் வாய்ப்பு என்ற ஏற்பாடு. யாரும் கவனிக்காமல் கீழே போன நல்ல லிங்க்குகளை மாடரேட்டர்கள் பொறுக்கி எடுத்து, மறுபடி முகப்பின் அடியில் கொஞ்ச நேரம் வைக்கிறார்கள். முதல் மணி நேரத்தின் அநியாயத்துக்கு நான் பார்த்த ஒரே நேர்மையான மருந்து இது. ஆனால் அங்கே நிரல் எழுதுவோர், ஸ்டார்ட்-அப் நடத்துவோர் கூட்டம்தான். கிரைண்டர் மோட்டாரின் மின்பொறியியலை எழுதினால் படிப்பார்கள். மாவு புளிப்பதைப் பற்றி எழுதினால் கடந்துபோவார்கள்.

தமிழில் மட்டும் எழுதுபவருக்கு இவை ஆகுமா? வருகைக்காக என்றால் இப்போதைக்கு ஆகாது. சென்னை, தமிழ்நாடு பெயர்களில் பெரிய சப்ரெடிட்டுகள் இருக்கின்றன; பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலும் தங்கிலீஷிலும் நடக்கிறது. ஆனால் திரட்டிகள் ஓய்ந்த பிறகு தமிழ்க் கட்டுரைகள் வாட்ஸாப் குழுக்களுக்குள்ளும் முகநூல் பதிவுகளுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. தமிழ் எழுத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழ் எழுத்தில் தரும் பதில் ஒரு பொதுவான, தேடக்கூடிய இடத்தில் இருப்பதே பெரிய காரியம். அதற்காக மட்டும் அங்கே எழுதலாம், நானும் எழுதுகிறேன்.

பொருள் விற்க அவசரத்தில் இருப்பவர்கள் இந்த இரண்டு தளங்களையும் விட்டுவிட்டு விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது நல்லது. அவர்களுக்கும் நல்லது, அங்கே இருப்பவர்களுக்கும் நல்லது. ஏதாவது ஒரு துறையில் ஆழமாகத் தெரிந்தவர், அதைப் பற்றிப் படிப்பதில் சந்தோஷம் அடைபவர், ஓராண்டு பொறுக்கத் தயாராக இருப்பவர் என்றால் ரெடிட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கூடவே, எழுதும் பதில்களின் நகலை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் ரெடிட், வெளியார் ஆப்புகள் இயங்கத் தேவையான தன் ஏபிஐ-க்குக் கட்டணம் அறிவித்தபோது, பலர் விரும்பிய அப்போலோ ஆப் ஜூன் 30-உடன் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான சப்ரெடிட்டுகள் எதிர்ப்பாகத் தங்களை இருட்டடிப்புச் செய்தன. டெலிஷியஸில் சேமித்தவர்களும் ஒரு காலத்தில் அது எப்போதும் இருக்கும் என்றுதான் நம்பினார்கள்.

ரெடிட் ஆப்புக்கு என் கோரிக்கை ஒன்றுதான். திறந்ததும் வருவது ‘பெஸ்ட்’. ‘நியூ’ வேண்டுமென்றால் பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. நாம் சேர்ந்திருக்கும் ஊர்களின் ‘நியூ’ வரிசையை ஹேக்கர் நியூஸைப் போல மேல்பட்டையிலேயே, ஒரே தொடுதலில் வைக்க வேண்டும்.